இசைத்தட்டும் இரண்டு மின்பெருக்கிகளும்



நம் நாஞ்சில் நாட்டில் அம்மன் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. வில்லின் நாணை வீசுகோல் தட்டுகின்றது. வில்லைத் தாங்கும் குடம் அவ்வதிர்ச்சியை ஏற்றுத் தானும் அதிர்ந்து ஒலியை வளப்படுத்துகின்றது. மெல்லிய ஒலியைப் பலர் கேட்கச் செய்யவேண்டும் என்னும் வேட்கை பழமையானது. மின்சாரம் வந்தபின் அப்பணியை ஆம்ப்ளிபயர் என்னும் மின்பெருக்கி மேற்கொண்டது. அதனைப் பற்றிய ஒரு நடைமுறை வினாவை இன்று ஆராய்வோம்.

ஒரு பள்ளியில் ஆண்டு விழா என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறையில் ரிக்கார்டு பிளேயரும் அதனோடு சேர்ந்த சிறிய மின்பெருக்கியும் உள்ளன. மண்டபத்திலோ பெரிய மின்பெருக்கி உள்ளது. ஆனால் ரிக்கார்டு பிளேயரை நேரே இணைப்பதற்கான வாய் அதில் இல்லை. சிறியதன் வழியாகப் பெரியதற்கு இசையைச் செலுத்தலாமா? செலுத்தலாம். எந்த வாயிலிருந்து எந்த வாய்க்கு என்பதை அறிந்து செலுத்தவேண்டும், அவ்வளவே.

முதலில் தட்டிலிருந்து எழும் மின்சாரம் எத்தகையது என்று காண்போம். தட்டின் வரிப்பள்ளத்தில் ஊசி ஓடுகின்றது. ஊசியோடு சேர்ந்த நுண்ணிய காந்தம் கம்பிச்சுருளின் அருகே அசைகின்றது. அதனால் பிறக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டே. மண்டபத்துப் பெருக்கியின் ‘ஆக்ஸ்’ என்னும் வாயோ சில நூறு மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பது. ஆகவே, நேரே இணைத்தால் இசை முணுமுணுப்பாகவே கேட்கும்.

குறை அதுமட்டுமன்று. தட்டில் ஒலியைப் பதியும்போது தாழ்ந்த சுருதிகளைக் குறைத்தும் உயர்ந்த சுருதிகளைக் கூட்டியும் பதிகின்றனர். தாழ்ந்த சுருதிகளை அப்படியே பதிந்தால் வரிப்பள்ளம் மிக அகன்று ஆடும். தட்டில் இடம் போதாது. உயர்ந்தவற்றைக் கூட்டிப் பதிந்து, கேட்கும்போது குறைத்தால், தட்டின் தேய்வொலியும் உடன் அடங்கும். இந்த ஏற்றத்தாழ்வுக்கு 1954ஆம் ஆண்டில் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் பொது அளவு வகுத்தது; பின்னர் உலகெங்கும் அது பரவிற்று. சிறிய பெருக்கியில் ‘ஃபோனோ’ என்று எழுதியுள்ள வாய், அந்த அளவைத் தலைகீழாகத் திருப்பி இசையை நேர் செய்கின்றது. அதனோடு ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கியும் தருகின்றது.

இனி வழி தெளிவாகும். ரிக்கார்டு பிளேயரைச் சிறிய பெருக்கியின் ஃபோனோ வாயில் இணைக்கவேண்டும். அப்பெருக்கியின் பின்புறத்தில் ‘டேப் அவுட்’ என்றோ ‘ரெக் அவுட்’ என்றோ குறித்த வாய் இருக்கும். அதிலிருந்து பெரிய பெருக்கியின் ஆக்ஸ் வாய்க்கு உறையிட்ட கம்பியால் இணைக்கவேண்டும். டேப் அவுட் வாயில் வரும் இசையைச் சிறிய பெருக்கியின் ஒலித்திருகு பொதுவாகக் கட்டுப்படுத்தாது. மண்டபத்தின் ஒலியைப் பெரியதன் திருகே ஆளும். ‘பிரீ அவுட்’ என்னும் வாய் இருப்பின், இரு திருகுகளும் ஆளும்.

செய்யத் தகாதவை இரண்டு. முதற்பெருக்கியிலிருந்து வந்த இசையை இரண்டாவதன் ஃபோனோ வாயில் செலுத்தலாகாது. பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய், கிளைக்கால், மடை என்று படிப்படியாக வந்தே வயலை அடைகின்றது. கால்வாய் நீர் முழுவதையும் நாற்றங்காலில் திருப்பிவிட்டால் நாற்று என்னாகும்? முன்னரே பெருக்கப்பட்ட இசை மீண்டும் நூறு மடங்காகப் பெருகி, முன்னரே நேர் செய்யப்பட்டது மீண்டும் திருத்தப்பட்டு, வெறும் உறுமலாகிவிடும். மற்றொன்று, ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பியை அடுத்த பெருக்கியின் வாயில் செருகுவது. ஸ்பீக்கரை அசைக்கும் மின்சாரம் வலியது. இரு கருவிகளும் பழுதாகக் கூடும்.

இணைக்கும்போது எல்லாக் கருவிகளையும் அணைத்துவிடுங்கள். பின்பு சிறிய பெருக்கியை முதலிலும் பெரியதை இறுதியிலும் ஏற்றுங்கள். ஒலித்திருகு தாழ்ந்தே இருக்கட்டும். அணைக்கும்போது பெரியதை முதலில் அணையுங்கள். ரிக்கார்டு பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பியைச் சிறிய பெருக்கியின் எர்த் திருகில் முடுக்குங்கள். இல்லையேல் நம் நாட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி ‘ம்ம்’ என்னும் இரைச்சலாகக் குறுக்கிடும். இரு பெருக்கிகளுக்கும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுத்தால் இரைச்சல் பெரும்பாலும் குறையும்.

இங்கே ஒன்றை வற்புறுத்த விரும்புகின்றேன். இரைச்சலைப் போக்குவதற்காகச் சுவர்ச் செருகியின் எர்த் முளையை ஒடித்துவிடுபவர் உண்டு. மாணவர்களே, ஒருபோதும் அவ்வாறு செய்யாதீர்கள். கருவியின் இரும்புப் பெட்டியில் மின்சாரம் கசிந்தால் அதனை நிலத்திற்கு இறக்குவது அந்த முளையே. அஃது இல்லையேல், தொடுபவரின் உடலே வழியாகும். இரைச்சல் காதுக்குத்தான் துன்பம். இது உயிருக்குத் துன்பம்.

இந்த இணைப்பு விழாவுக்கு மட்டும் பயன்படுவதன்று. அதே டேப் அவுட் வாயிலிருந்து கணினியின் பதிவு வாய்க்கு இணைத்துப் பழைய தட்டுகளைப் படியெடுக்கலாம். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் குரலைத் தாங்கிய தட்டுகள் நிமிடத்திற்கு 78 முறை சுழல்பவை. அரக்குக் கலவையால் ஆனவை. கீழே விழுந்தால் நொறுங்குபவை. 1948இல் தோன்றிய நெடுந்தட்டுக்குரிய நுண்ணூசி அவற்றிற்கு ஏற்றதன்று. அகன்ற ஊசி வேண்டும். 1954க்கு முற்பட்ட தட்டுகளில் ஒவ்வொரு நிறுவனமும் தன் தன் அளவையே கையாண்டமையால், படியெடுத்த பின்னும் செவியால் கேட்டுச் சீர் செய்யவேண்டும்.

உங்கள் இல்லத்துப் பரணிலோ அண்டை வீட்டிலோ அத்தகைய தட்டுகள் இருக்கக் கூடும். பொருந்தாத ஊசியால் ஒருமுறை தேய்ந்த வரிப்பள்ளம் மீளாது. அதிலிருந்த குரலும் மீளாது. ஆகையால் விரைந்து செருகாதீர்கள். ஒவ்வொரு வாயின்மேலும் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதற்கு எவ்வளவு வரும், அது எவ்வளவு கேட்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் அறிந்தவரைக் கேளுங்கள். அளவறிந்து இணைத்தால், எழுபது ஆண்டுகளுக்கு முன் பாடிய குரலும் உங்கள் பள்ளி மண்டபத்தில் தெளிவாக ஒலிக்கும்.