கழுவும் கையும் செய்யும் கையும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, "எனக்கு இலக்கியம் தெரியாதே" என்றேன். "அறிவியல் ஆசிரியராக இருந்தீர்களே, அதையே பேசுங்கள்" என்றார்கள். சரிதான். 'தமிழன்' இதழை எழுதிய பண்டிதரின் கைதான் சித்த மருந்தும் அரைத்தது.

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அவர் இரண்டு கதவுகளைத் தட்டினார். ஒன்று கோயில் கதவு. இன்னொன்று பள்ளிக் கதவு. நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி வேண்டும் என்றார். கோயில் கேட்டதற்கு அவமதிப்புதான் பதிலாக வந்தது. நம் மாவட்டத்துத் தென்முடியனூரில் நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால்வைத்தது 2023 ஜனவரி 30 அன்று, அதுவும் போலீஸ் காவலோடு. பள்ளிக் கதவு அதற்கு வெகுமுன்பே திறந்துவிட்டது. ஆனால் பள்ளிக்குள்ளே இன்னொரு கதவு இருக்கிறது. அது ஆய்வகத்தின் கதவு.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளியில் ஆய்வகம் இருந்தது. ஆசிரியர் மேசையில் சோதனை செய்வார். முன்வரிசைப் பிள்ளைகள் குழாயைப் பிடிப்பார்கள், திரவத்தை ஊற்றுவார்கள். நாங்கள் நாலு பேர் பின்னால் நின்று எட்டிப் பார்ப்போம். மணி அடித்ததும் எங்களைக் கூப்பிடுவார்கள், கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிவைக்க. கழுவும்போது மட்டும்தான் அந்தக் கண்ணாடி என் கைக்கு வந்தது. யாரும் சாதி சொல்லித் திட்டவில்லை. செய்யும் கை ஒன்று, கழுவும் கை இன்னொன்று என்று பிரித்துவைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அறிவியல் என்பது தொட்டு அறிவது. தீண்டாமை என்பது தொடாதே என்பது. இரண்டும் ஒரே வகுப்பறையில் இருக்க முடியாது. அறிவியல் கல்வி அனைவருக்கும் என்று நாம் சொல்வதற்கு என்னைப் பொறுத்தவரை ஒரே அளவுகோல்தான்: கருவி யார் கையில் இருக்கிறது?

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை படிப்போருக்கான வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் திருச்சி காட்டூர் ஆதிதிராவிடர் நலப் பெண்கள் பள்ளி. கருத்தாளர்கள் பள்ளி பள்ளியாக வந்து சோதனை செய்துகாட்டுகிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் கருத்தாளர் வராத நாளில் அலமாரி பூட்டியே கிடந்தால் என்ன பயன்?

ஏன் பூட்டுகிறார்கள்? ஆசிரியராக இருந்தவன் சொல்கிறேன். காரணம் பல நேரம் சாதி அல்ல, இருப்புப் பதிவேடு. குடுவை உடைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். அந்தப் பயம் வரும்போது, "யார் உடைக்க மாட்டான்" என்று தேடுகிறோம். அங்கேதான் சாதி உள்ளே வருகிறது. வீட்டில் கண்ணாடிப் பொருள் புழங்கிய பிள்ளை கையில் கொடுக்கிறோம். ஆகவே உடைவதை இயல்பான செலவாக எழுதிக்கொள்ள அரசு அனுமதிக்க வேண்டும். இது சின்னக் கோரிக்கையாகத் தோன்றும். ஆனால் நூறு உபதேசத்தைவிட அதிகக் கைகளுக்குக் கருவியைக் கொண்டுபோகும்.

கருவியே இல்லாத பள்ளி? அடிமையாகப் பிறந்த கறுப்பின அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1896இல் டஸ்கிகீ கல்லூரிக்கு வந்தபோது அங்கே ஆய்வகம் இல்லை. மாணவர்களோடு குப்பையில் புட்டிகளும் கம்பிகளும் பொறுக்கி ஆய்வகம் அமைத்தார். 1906இல் அதே கல்லூரி ஒரு வண்டியில் கருவிகளை ஏற்றி ஏழை விவசாயிகளிடம் அனுப்பியது. நம் நாட்டிலும் 1972இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 16 பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தாங்களே சோதனை செய்தார்கள். முப்பது ஆண்டு நடந்த அதை 2002இல் மாநில அரசு நிறுத்தியது. நமக்கு அதில் பாடம் உண்டு. மேலிருந்து வந்த திட்டம் ஓர் ஆணையில் போய்விடும். ஊர் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும்.

சேரியின் அறிவையும் வகுப்புக்குக் கொண்டுவரலாமா? பறையைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகி ஒலி கூர்மையாகிறது. ஒலியியல் பாடத்துக்கு இதைவிட நல்ல கருவி எது? ஆனால் ஓர் எச்சரிக்கை. பறையை நம் பிள்ளையிடமே கொடுத்து "நீ அடித்துக்காட்டு" என்றால், அது 1953இன் குலக்கல்வியைப் பின்வாசல் வழியாக அழைப்பதாகும். ஊர்த்தெருப் பிள்ளை பறையைக் காய்ச்சட்டும். நம் பிள்ளை அதிர்வெண்ணை அளக்கட்டும். பிறகு இருவரும் கை மாற்றிக்கொள்ளட்டும்.

மாணவர்களே, உங்களுக்கான வழிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய் வழித் திறன் தேர்வில் வென்றால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்குப் பள்ளி வழியாக உங்கள் யோசனையை அனுப்பலாம்; தேர்வானால் 10,000 ரூபாய் உங்கள் கணக்குக்கே வரும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் தமிழில் வருகிறது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் உங்கள் ஊர்ப் பிரச்சினையை உங்கள் மொழியிலேயே ஆய்வு செய்யலாம். உங்கள் தெருத் தொட்டியின் தண்ணீரை எடுங்கள். ஊர்த்தெருத் தண்ணீரையும் எடுங்கள். இரண்டையும் சோதித்து எழுதுங்கள். வேங்கைவயலுக்குப் பிறகு தண்ணீர்த் தொட்டி நமக்கு வெறும் பாடமல்ல.

பௌர்ணமிதோறும் இந்த ஊருக்கு லட்சக்கணக்கானோர் மலைசுற்ற வருகிறார்கள். அதே நிலவைத் தொலைநோக்கியில் பார்த்த நம் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர்? ஜவ்வாது மலையின் அந்தப் பக்கம், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வான் ஆய்வகம் இருக்கிறது. 1986இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உண்டு. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். ஆசிரியர்களே, விசாரித்துக்கொண்டு ஒரு வேன் பிடியுங்கள்.

கடைசியாக இந்த இலக்கிய மேடைக்கு ஒரு வேண்டுகோள். 2016 ஜனவரி 17 அன்று நாம் இழந்த ரோகித் வெமுலா, கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று விரும்பியவர். அந்த ஆசை அவரோடு போய்விடக் கூடாது. வலியை எழுதினோம், வரலாற்றை எழுதினோம். இனி நம் பிள்ளைகள் விண்மீனையும் எழுத வேண்டும். அதற்கு முதல் வேலை எளியது. திங்கட்கிழமை உங்கள் ஊர்ப் பள்ளிக்குப் போய், ஆய்வக அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். குடுவையைக் கழுவும் முறையும் சோதனை செய்யும் முறையும் எல்லாப் பிள்ளைக்கும் மாறி மாறி வருகிறதா என்று பாருங்கள்.