யாவர்க்கும் திறக்கும் ஏடு

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கழகத்தின் தொண்டினைப் போற்றிப் பேசுவது மரபு. அதனைச் செய்ய என்னினும் தகுதியுடையோர் இங்கு உளர். ஆகவே, ஓர் ஆசிரியன் தன் பிழையினின்றும் கற்ற பாடத்தை உங்கள்முன் வைக்கின்றேன். இணையத்தின் வழியே மாணவர்க்குப் பாடம் அனுப்புங்கால், அதனை எந்தக் கோப்பு வடிவில் அனுப்புதல் வேண்டும் என்பதே என் பொருள்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டன. பல ஆண்டுகளாகக் கணிப்பொறியில் தட்டெழுதி வைத்திருந்த பாடக் குறிப்புகளை வேர்டு கோப்புகளாகவே மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவிற்கு அனுப்பினேன். கடமை முடிந்ததென்று மகிழ்ந்தேன். ஊரடங்கு தளர்ந்தபின், மாமல்லபுரத்தை அடுத்த நம் குடியிருப்பு ஒன்றுக்குச் சென்றேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தன் நோட்டுப் புத்தகத்தைக் கொணர்ந்து காட்டினாள். நான்கு பக்கம் நிறைய ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றி நிரம்பியிருந்தன. கைபேசியில் தோன்றியதை ஒரு புள்ளியும் விடாது படியெடுத்திருந்தாள். “எனக்குத்தான் புரியவில்லை சார்” என்றாள்.

நண்பர்களே, குற்றம் அவளுடையதன்று, என்னுடையது. ‘உங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்ட சமுதாயத்தில் பிறந்த பிள்ளை, திறவாத கோப்பைக் கண்டாலும் தன் அறிவையே ஐயுறுகின்றது. ஆதலின் இஃது இயந்திரச் செய்தியன்று. நம் பிள்ளைகளின் தன்மானச் செய்தி.

நிகழ்ந்தது யாது? பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திக் கொண்டவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வரிசை. அவ்வெழுத்துரு இல்லாத கைபேசியில் தமிழ் மறைந்து ஆங்கிலக் குறிகளே தோன்றும். இக்குழப்பத்தை நீக்க, 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. யூனிகோடு எனப்படும் இம்முறையில் தமிழ் எழுத்துகளுக்குத் தமக்கேயுரிய எண்கள் உள்ளன. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், முதலில் வேறு குறியீட்டில் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றியது. மாற்றியதாலன்றோ இன்று அந்நூல்கள் நம் கைபேசியில் திறக்கின்றன!

இனி, வடிவங்களைக் காண்போம். வேர்டு கோப்பு, ஆசிரியர் திருத்துவதற்கு ஏற்றது. அதனை நம்மிடம் வைத்துக்கொள்வோம். 1993-இல் வெளிவந்து 2008-இல் உலகத் தரமான பி.டி.எஃப்., எழுத்துருவையும் தன்னுள் பொதிந்து செல்ல வல்லது. கடையில் அச்செடுக்கவும் ஏற்றது. ஆனால் பழைய எழுத்துருவில் அமைந்தது பி.டி.எஃப். ஆனாலும் கண்ணுக்கு மட்டுமே தமிழ். அதில் ஒரு சொல்லைத் தேட இயலாது. பார்வையற்ற மாணவர்க்குக் கைபேசி அதனைப் படித்துக் காட்டவும் இயலாது. ஆகவே, முதலில் ஒருங்குறி, பிறகே பி.டி.எஃப்.

பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவோர் பலர். ஒரு பக்கத்தில் 1500 குறியீடுகள் எனக் கொண்டால், ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் ஒருங்குறியில் 4500 பைட்டுகளே ஆகும். அதே பக்கத்தின் புகைப்படம் 2 மெகாபைட்டு ஆயின், ஏறத்தாழ 450 மடங்கு! தந்தை வேலையினின்று திரும்பிய பின்னரே கைபேசியைக் காணும் பிள்ளைக்கு, அவ்வேற்றத்தாழ்வு பாடம் கிடைப்பதற்கும் கிடையாமைக்கும் இடைப்பட்ட தொலைவாகும். சுருக்கக் குறிப்பை வாட்ஸ்அப் செய்தியாகவே தட்டெழுதி அனுப்புக. விளக்கம் வேண்டின் குரலில் பதிக. வினாடிக்கு 16 கிலோபிட்டு வீதம் பத்து நிமிடப் பேச்சு 1.2 மெகாபைட்டே ஆகும். வரைபடமும் கணக்கும் பி.டி.எஃப். ஆகட்டும். காணொளி இறுதியில் வரட்டும். கைபேசியே இல்லாத வீட்டிற்கு அச்சிட்ட தாள் செல்லட்டும்.

நம் கடற்கரையிலேயே இதற்கொரு சான்று உண்டு. மாமல்லபுரத்திற்கு வடக்கே சாளுவன்குப்பத்து அதிரணசண்டன் குடைவரையில், பல்லவர்கள் ஒரே வடமொழிச் செய்யுளை ஒரு சுவரில் கிரந்த எழுத்திலும், எதிர்ச்சுவரில் நாகரி எழுத்திலும் பொறித்தனர். மன்னன் தன் புகழை இரு வடிவில் வெட்டுவித்தான். நாம் நம் பிள்ளைகளின் பாடத்தை இரு வடிவில் தரலாகாதா?

1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். விலையையே பெயராக்கினார். எவர் கையிலும் சேர வேண்டும் என்ற கருத்து அப்பெயரிலேயே விளங்குகின்றது. எளிய கையை எட்டாத அறிவு எத்துணை உயர்ந்ததாயினும் நமக்குப் பயனென்ன?

இளைஞர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகின்றேன். நம் மாலைநேர வகுப்புகளின் பழைய குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியபின், குடியிருப்பிலேயே மிகப் பழைய கைபேசியில் அதனைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் எங்கும் திறக்கும்.

அம்மாணவிக்குப் பாடத்தை மீண்டும் தட்டெழுதி அனுப்பினேன். மறுநாள் அதில் இரு எழுத்துப் பிழைகளைச் சுட்டி விடை எழுதியிருந்தாள். ஆசிரியப் பணியில் நான் பெற்ற பரிசுகளுள் அதனையே முதன்மையாகக் கருதுகின்றேன்.

கழகம் பொன்விழாக் காண வாழ்த்தி அமைகின்றேன்.