விபத்தும் நஷ்டஈடும்: பிரயாணியின் உரிமை

(கிரானில் எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இம்மேடையில் சமயப் பொருளொன்றை எடுத்துப் பேசுவோமெனச் சிலர் எதிர்பார்த்திருத்தல் கூடும். நாம் எடுத்துக்கொண்டதோ மோட்டார் வண்டி விபத்திலே காயப்பட்ட பிரயாணிக்குச் சட்டம் தரும் உரிமை என்பது. நாம் சட்டத்தரணியல்லர், பல்கலைக்கழகத்திற் படிக்கும் மாணவரே. கற்றோரிடம் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றை உங்கள் முன் வைக்கின்றோம். ஏன் இப்பொருளை எடுத்தோம் என்பதையும் மறையாது சொல்வோம்.

மனுநீதி கண்ட சோழன் கதையைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வந்திருக்கிறோம். திருவாரூர் வீதியில் இளவரசன் தேரூர்ந்து சென்றான். கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளனைப் பற்றியும் இத்தகைய கதையொன்றை மகாவம்சம் கூறுகின்றது. அரசன் மகனாயினும் வண்டியோட்டியவன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது இக்கதைகளின் நீதி. ஆயினும் இளைஞராகிய எமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. மகனைத் தண்டித்தால் பசுவுக்குக் கன்று கிடைத்துவிடுமா? திருவாரூரில் இறைவன் எழுந்தருளிக் கன்றை எழுப்பினான். நமது தெருக்களில் முறிந்த காலை யார் எழுப்புவர்? தண்டனை வேறு, ஈடு வேறு. இந்த வேற்றுமையை அறியாமையினாலேயே நம்மவர் பெரிதும் நஷ்டப்படுகின்றனர்.

நமது ஊரில் நடந்த ஒன்றைச் சொல்வோம். சில வருடங்களுக்கு முன் அயலவர் சிலர் கூலிக்கு வான் பிடித்துக் கதிர்காமம் போய்த் திரும்பினர். விடியற்புறத்தில் சாரதி கண்ணயர்ந்தார். வான் மரத்தில் மோதிற்று. வயல் வேலை செய்து தாயையும் தங்கையரையும் காத்துவந்த இளைஞர் ஒருவருக்கு முழங்கால் நொறுங்கியது. வான்காரர் அவருக்கு மாமன் முறை. "வழக்கென்று போனால் உறவு போய்விடும், இருப்பதைத் தருகிறேன், மருமகன்" என்றார். ஆஸ்பத்திரிப் போக்குவரவுக்கே காணாத ஒரு தொகை கைமாறிற்று. "இதற்கு மேல் யாதொரு கோரிக்கையும் இல்லை" என்று கடிதமும் எழுதிக் கையொப்பம் இடப்பட்டது. அந்த வானுக்குப் பிரயாணிகளையும் சேர்த்த காப்புறுதி இருந்ததென்பது, இரண்டு வருடமும் கழிந்த பின்னரே எமக்குத் தெரியவந்தது.

அன்பர்களே! அக்கடிதத்தை எழுதிக் கொடுத்தது எமது கை. மிஷன் பாடசாலையிற் படித்த பிள்ளை, எழுத்து அழகாயிருக்கும் என்று எம்மை அழைத்தார்கள். நாமும் பெருமையோடு எழுதிக் கொடுத்தோம். எழுத்துத் தெரிந்திருந்தது, சட்டம் தெரியவில்லை. அவ்விளைஞர் இன்று இக்கூட்டத்திலும் அமர்ந்திருக்கிறார். அவருடைய சம்மதத்துடனேயே இதைச் சொல்கின்றோம். இன்னொருவர் வீட்டில் அத்தகைய கடிதம் எழுதப்படாதிருக்க வேண்டுமென்பதே இப்பேச்சின் நோக்கம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1638ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தனர் என்பது யாவரும் அறிந்ததே. ஒல்லாந்தர் போய்விட்டனர், அவர்கள் கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டம் போகவில்லை. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் பிரித்தானியர் அதைத் தொடர்ந்து நடக்க விட்டனர். ஒருவன் கவனக்குறைவால் மற்றவனுக்குத் தீங்கிழைத்தால் அந்நஷ்டத்தை ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் என்னும் விதி, கிறிஸ்துவுக்கு முன்னிருந்த உரோமரின் அக்குவீலியச் சட்டத்திலிருந்து அவ்வழியே நம்மிடம் வந்தது. கிரான் சந்தியில் வானேறும் நமக்கு இன்று காவலாயிருப்பது அதுவே.

அதன்படி எதைக் கேட்கலாம்? வைத்தியச் செலவு முதலாவது. வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம் இரண்டாவது. இனிமேல் உழைக்க இயலாமற் போகும் வருமானம் மூன்றாவது. வாலிபருக்கு இதுவே பெரிய தொகை. உடல் நோவு, அங்கவீனம், வாழ்வில் இழந்த சுகம் என்பன நான்காவது. பிரயாணி இறந்துவிடின், அவர் உழைப்பில் தங்கியிருந்த மனைவி மக்கள் இழந்த ஆதரவைக் கேட்கலாம்.

யாரிடம் கேட்கலாம்? கவனமின்றி ஓட்டிய சாரதியிடம் கேட்கலாம். அவர் சம்பளத்துக்கு ஓட்டியவராயின் உடையவரிடமும் கேட்கலாம். இரு வண்டிகள் மோதியவிடத்து இரு சாரதிகளிலும் பிழையிருப்பின் இரு பக்கத்தாரிடமும் கேட்கலாம். தன் வண்டிச் சாரதியின் பிழை, பின்னால் இருந்த பிரயாணியின் தலையில் ஏறாது. பிரயாணி தானே பிழை செய்திருந்தால் மாத்திரம் ஈடு குறையும். மிதிபலகையில் தொங்கியவர், ஆசனப் பட்டி கட்டாதவர், சாரதி குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் ஏறியவர் ஆகியோர் இதைக் கவனிக்க வேண்டும். முன்னாளில் சிறு பிழையினாலும் வழக்கு முழுவதும் விழுந்துவிடக் கூடியதாயிருந்தது. 1968ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், பிழையின் பங்குக்கு ஏற்பக் குறைத்து மீதியைக் கொடுக்க வேண்டுமென்றாயிற்று.

உரிமை இருந்தால் போதுமா? கொடுப்பதற்குக் கையில் பணம் வேண்டுமே! இவ்விடத்திற்றான் காப்புறுதி வருகின்றது. 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், மூன்றாம் ஆட்களுக்கான காப்புறுதியின்றி எவரும் வீதியில் வண்டி செலுத்தலாகாது என்கின்றது. பஸ்ஸும் கூலி வானும் ஓட்டோவும் ஏற்றிச் செல்லும் பிரயாணிகள் இக்கட்டாயக் காப்புக்குள் அடங்குவர். ஆனால் நண்பர் காரில் அன்புக்காக ஏறியவரை அடக்குதல் கட்டாயமன்று. உடையவர் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருந்தாலொழியக் கம்பனி கைவிரித்துவிடலாம். பிரித்தானியாவிலும் நெடுங்காலம் இவ்வாறே இருந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே எல்லாப் பிரயாணிகளுக்கும் காப்புக் கட்டாயமாயிற்று.

உழவு இயந்திரப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். வயலுக்கும் தீர்த்தத்துக்கும் இருபது முப்பது பேர் அதிலேறிப் போகிறோம். மாரியில் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் மேவினால் அதையும் தோணியையுமே நம்பியிருக்கிறோம். நெல்லேற்றக் காப்புறுதி செய்த பெட்டியில் ஆளேற்றிக் கவிழ்ந்தால், ஈட்டுக்கான வழக்கு ஓட்டியவர் தலையிலும் உடையவர் தலையிலுமே விழும். அவரோ நம்மைப் போன்ற ஏழை விவசாயி. ஆகையால் ஏறுமுன் கேட்பதே அறிவு.

காலம் மிக முக்கியமானது. இத்தகைய வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டம் அவ்வாறு விதிக்கின்றது. காயப்பட்டவர் பராயமடையாத பிள்ளையாயின் அக்காலம் ஓடாது நிற்கும். வழக்குத் தொடுக்கு முன்னரோ, தொடுத்து ஏழு நாளுக்குள்ளேயோ காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். இந்த அறிவித்தல் தவறினால், வென்ற தீர்ப்பைக் கொண்டும் கம்பனியிடம் பணம் பெற முடியாது.

பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் தொடுப்பது குற்ற வழக்கு. சாரதி தண்டப்பணம் கட்டினாலும் மறியலுக்குப் போனாலும் காயப்பட்டவருக்கு அதனால் ஈடு தானாகக் கிடையாது. குற்றவாளியிடமிருந்து நஷ்டஈடு கொடுப்பிக்க நீதவானுக்கு 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் அதிகாரமுண்டு, கேட்டால் உதவும். முழு ஈட்டுக்கோ மாவட்ட நீதிமன்றமே வழி. இந்தியாவில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விபத்து ஈட்டுக்கென்றே தனி நியாயசபைகள் இருக்கின்றன. நியூசிலாந்தில் 1974 முதல் யார் பிழையென்று பாராமலே அரச நிதியிலிருந்து உதவுகின்றனர். நமது நாட்டிலும் அத்தகைய இலகுவான வழி வேண்டுமென்று கேட்பது படித்த இளைஞரின் கடமையல்லவா?

இவை தூரத்துச் செய்திகளல்ல. 2023ஆம் ஆண்டு யூலை 9ஆந் திகதி கதுறுவெலவிலிருந்து நமது மாவட்டத்தை நோக்கி வந்த பஸ் மன்னம்பிட்டியிற் பாலத்திலிருந்து ஆற்றில் வீழ்ந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் மாண்டனர், பலர் காயமுற்றனர். 2025ஆம் ஆண்டு மே 11ஆந் திகதி கொத்மலையில் பஸ்ஸொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோருக்காக அழுதோம். காயத்தோடு வீடு திரும்பியவர்கள் பின்னர் எவ்வாறு சீவிக்கின்றனர் என்று எத்தனை பேர் கேட்டோம்?

பெரியோர் ஒரு கேள்வி கேட்பர்: "ஊருக்குள்ளே உறவினன் மேல் வழக்கா?" நியாயமான கேள்விதான். எமது பதில் இது. காப்புறுதியுள்ள வண்டியாயின், பணம் வரப்போவது மாமன் வீட்டு நெல் மூட்டையிலிருந்தன்று. இப்படியொரு நாளுக்கென்றே மாமன் வருடந்தோறும் கட்டிவந்த பணத்திலிருந்து. வழக்கில் அவர் பெயர் வரும். அதனால் அவர் பகைவராகிவிடார். அன்றிரவே அவரை வீட்டுக்கு அழைத்து ஒன்றாகச் சாப்பிடலாம். காப்புறுதி இல்லாவிடத்து மட்டும் பேசித் தீர்ப்பதில் அருமையுண்டு; அப்போதும் காயம் ஆறி, எவ்வளவு இழந்தோம் என்று அறிந்த பின்னரே பேசவேண்டும்.

எமது பாடசாலையில் நல்ல சமாரியன் கதையைச் சொல்லித் தந்தார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சென்று, சத்திரக்காரனுக்குப் பணமும் கொடுத்தான் அந்தப் புண்ணியவான். இரக்கமுள்ளவன் தன் மடியிலிருந்து கொடுத்தான். அடித்தவர் ஒரு காசும் கொடுக்கவில்லை. இரக்கம் என்றும் வேண்டும். ஆனால் ஊராரின் இரக்கத்திலேயே ஒருவன் வாழ்நாள் முழுவதும் தங்கியிருத்தல் தகாது.

ஆதலால் விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியவற்றை ஞாபகத்தில் வையுங்கள். முதலில் வைத்தியம். பின்பு வண்டி இலக்கம், சாரதி பெயர், காப்புறுதிக் கம்பனியின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காப்புறுதிச் சான்றிதழைக் கைபேசியில் படம் பிடியுங்கள். பொலிசில் முறைப்பாடு எழுதி, அதன் பிரதியைப் பெறுங்கள். வைத்தியசாலைத் துண்டு, மருந்துப் பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள். கண்டவர்களின் பெயரைக் கேட்டு வையுங்கள். எக்கடிதத்திலும் ஆராயாமற் கையொப்பமிடாதீர்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லையெனின், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வறியோருக்கு உதவுதற்கென்றே அது இருக்கின்றது.

இறுதியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். யாத்திரைக்கும் சுற்றுலாவுக்கும் வண்டி பிடிக்கும்போது வாடகையை மட்டும் பேசுகிறோம். இனிமேல் காப்புறுதிச் சான்றிதழைப் பார்த்து, பிரயாணிகள் சேர்ந்திருக்கிறார்களா என்று கேட்டு, காரியதரிசி கொப்பியிற் பதிந்த பின்னரே வண்டியை ஒழுங்கு செய்வதென்று இன்றே தீர்மானிப்போமாக. இதற்குச் செலவொன்றுமில்லை.

ஆராய்ச்சி மணி இன்றும் தொங்குகின்றது. கயிறு எங்கே இருக்கின்றதென்று பசுவுக்குத் தெரிந்திருந்தது. நமக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். முன்பு ஒருமுறை அறியாது எழுதிய கை, இனிமேல் உங்களுக்காக அறிந்து எழுதும். கடிதமோ விண்ணப்பமோ எழுத வேண்டியிருந்தால் எந்நேரமும் எம்மைக் கூப்பிடுங்கள்.