ஸ்பானிஷும் நம்ம ஊர் ‘ங்க’வும்
(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)



என் மகள் வயிற்றுப் பேரன் மெக்சிகோவில் இருக்கிறான், வயது 7. வீடியோ காலில் ஸ்பானிஷில்தான் பேசுவான். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். அது மனதை உறுத்தியது. 66 வயதில் நோட்டு வாங்கி உட்கார்ந்தேன்.

வினைச்சொல்தான் கஷ்டம் என்றார்கள். பார்த்தால் நமக்குப் பழகியதுதான். ‘பேசுகிறேன்’ என்றால் ‘நான்’ வேண்டியதில்லை, விகுதியே ஆளைச் சொல்லிவிடும். அங்கேயும் அதே கதை. ‘ஆப்லார்’ என்றால் பேசுதல். கடைசி ‘ஆர்’ போய் விகுதி வரும்:

ஆப்லோ – பேசுகிறேன்
ஆப்லாஸ் – பேசுகிறாய்
ஆப்லா – பேசுகிறான், பேசுகிறாள்
ஆப்லாமோஸ் – பேசுகிறோம்
ஆப்லான் – பேசுகிறார்கள்

வினைகள் ஆர், எர், இர் என்று மூன்று விதமாக முடியும். வகைக்கு ஒன்றை மனப்பாடம் செய்தால் பெரும்பாலானவை அதே வாய்பாட்டில் வரும். ‘சோய்’ (இருக்கிறேன்), ‘வோய்’ (போகிறேன்) போல தினமும் புழங்குபவைதான் கணக்கில் டேலி ஆகாது. தனியாக எழுதிப் பழக வேண்டும்.

நீ என்பதற்கு ‘தூ’, நீங்கள் என்பதற்கு ‘உஸ்தேத்’. சின்னக் குழந்தையையும் ‘வாங்க கண்ணு’ என்கிற ஊர்க்காரன் நான். பேரனையும் ‘உஸ்தேத்’ என்றேன். விழுந்து விழுந்து சிரித்தான். “அப்புச்சி, தூ!” என்று திருத்தினான்.

அவன் ஸ்பானிஷில் சொல்லி எனக்குப் புரிந்த முதல் சொல் அதுதானுங்க.