தண்ணீர் கொண்டுவந்த கிழவர்

(கொள்ளிடக் கரையில் நடந்த விவசாயத் தொழிலாளர், மில் தொழிலாளர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஒரு வெள்ளைக்கார என்ஜினீயரை நாம் ஏன் நினைவு கூர வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆர்தர் காட்டன் கம்பெனி சர்க்காரின் ராணுவ அதிகாரி. 1821-ல் 18 வயதில் சென்னைக்கு வந்தவர். அவரை நாம் தெய்வமாக்கப் போவதில்லை. ஆனால் ஜனங்களுக்குப் பயன்பட்ட அறிவு யாரிடமிருந்தாலும் அதை மதிப்பது நம் கடமை.

அந்நாளில் காவிரித் தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்கு ஓடியது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் 1836-ல் காட்டன் கட்டினார். ஆழம் காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தை அவருக்கு எங்கே கிடைத்தது? சீமையில் அல்ல, நம் கல்லணையில்! பழைய தமிழ்க் கொத்தர்களிடமே கற்றோம் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு 1847 முதல் 1852 வரை தவளேஸ்வரத்தில் கோதாவரி அணையைக் கட்டினார்.

1860-ல் உத்தியோகத்தை விட்டார், ஓயவில்லை. ரயில்வேயில் பணம் போட்ட லண்டன் முதலாளிகளுக்கு இந்திய வரிப்பணத்திலிருந்து 5 சத வட்டி உத்தரவாதம் கொடுத்தது சர்க்கார். "முதலில் வாய்க்கால் வெட்டு" என்று வாதாடினார் காட்டன். 1876-78 பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். 1878-ல் பார்லிமெண்ட் கமிட்டி அவரைக் குடைந்து குடைந்து கேட்டது. 75 வயதுக் கிழவர் பின்வாங்கவில்லை.

கடைசிக் காலத்தை டார்க்கிங் என்ற ஊரில் குடும்பத்தோடு கழித்தார். அங்கும் தோட்டத்து மண்ணை ஆழக் கொத்தி, கோதுமை விளைவைப் பரீட்சித்துப் பார்த்தார். 1899 ஜூலை 24-ல், 96-வது வயதில் காலமானார். மறு வருஷம் அவர் மகளே தகப்பனாரின் சரித்திரத்தை வெளியிட்டார்.

தோழர்களே, அவர் கண்ணில் படாதது ஒன்று உண்டு: நிலம் யாருடையது? தண்ணீர் வந்தது, கம்பெனியின் வரி ஏறியது, மிராசுதார் களஞ்சியம் நிரம்பியது. மண் சுமந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும்தான் மிஞ்சின. அதை நிறுத்தியது எந்த அணையும் அல்ல, செங்கொடிச் சங்கம். அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காக 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் 44 உயிர்களைத் தீயில் கொடுத்தோம்.

மில் தோழர்களுக்கும் இது தெரிந்த கதையே. இயந்திரத்தை உண்டாக்கியது ஒருவன் அறிவு; ஓட்டுவது உங்கள் உழைப்பு; லாபம் போவது வேறிடம்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் 9 மதகுகள் வெள்ளத்தில் போனதைப் பார்த்தோம். ஒரு நூற்றாண்டு கடந்த அணையைக் கண்காணிக்காமல் விட்டால் வேறென்ன நடக்கும்? கடைமடையில் பயிர் கருகினால் நிலமுள்ளவனுக்கு மகசூல் நஷ்டம்; நமக்கோ அடுப்பே எரியாது.

ஆகவே சிலைக்கு மாலை போடுவதோடு நிற்க வேண்டாம். தண்ணீர் திறக்குமுன் கிளைக்கு நாலு பேர் கிளம்புங்கள். வாய்க்கால் வாய்க்காலாக நடந்து, தூர் வாராத இடத்தையும் பழுதான மதகையும் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த ஜாபிதாவோடு எல்லோரும் சேர்ந்து அதிகாரிகளிடம் போவோம். 75 வயதில் அந்தக் கிழவர் சலிக்கவில்லை, நாம் சலிக்கலாமா?