அயலாரும் எல்லைக் கல்லும்

(நமது சங்கக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு நில எல்லையில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பழைய பத்திரங்களைப் படித்துப் பொருள் சொல்லுமாறு நம்மவர் பலர் என்னிடம் வருவதுண்டு. அவ்வாறு வருவோருட் பலர் அயலாரோடு பேச்சற்றுப் போனவராய் இருத்தலைக் கண்டு வருந்தியே இப்பொருள்பற்றிச் சில கூற முன்வந்தேன்.

எல்லை வகுத்தல் நம் நாட்டுக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிலே கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நிலத்தின் நாற்புறமும் குறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். இன்று நாம் கிரயப் பத்திரத்தில் எழுதும் நாற்பாங்கெல்லை அம்மரபின் வழி வந்ததே. அதில் நம் நிலத்தின் எல்லையை எதனாற் குறிக்கின்றோம்? அயலான் பெயரால் அன்றோ! அவனைச் சொல்லாமல் நம் நிலத்தைச் சொல்ல இயலாது. அத்தகையவனைப் பகைத்துக்கொண்டு அந்நிலத்தில் எவ்வாறு இனிது வாழ்வது?

யான் அறிந்த இருவர் செய்தியைக் கூறுவேன். பெயரும் ஊரும் வேண்டா. அடுத்தடுத்த மனையினர். இரு வீட்டுப் பெண்டிரும் ஒரே கிணற்றில் நீர் முகந்தவர். ஒருவர் மதில் எழுப்பினார். மற்றவர், 'என் மனையில் ஒரு முழம் புகுந்துவிட்டீர்' என்றார். மதிலின் நீளம் 60 அடி. ஒரு முழமாவது ஒன்றரை அடி. ஆகவே வழக்கிட்ட நிலம் 90 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடியாதலின், இஃது ஏறத்தாழச் சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கே. இதற்காக ஆண்டுகள் பல நீதிமன்றத்துக்கு நடந்தனர். ஒருவர் மகள் திருமணத்தன்று மற்றவர் வீட்டுக் கதவு அடைத்தே கிடந்தது. முடிவில் நீதிமன்ற ஆணையர் நில அளவரோடு வந்து அளந்தார். மதிலின் ஒரு பாதி சரியான கோட்டிலும், மறு பாதி அரை முழம் அயல் மனையிலும் இருந்தன. இருவர் கூற்றிலும் பாதி மெய், பாதி பிழை! இவ்வளவையை முதல் மாதத்திலேயே செய்துகொள்ள யார் தடுத்தார்?

ஆதலின் யான் வலியுறுத்துவது ஒன்றே: சொல்லாடுமுன் அளவுங்கள், அளப்பதையும் இருவரும் கூடி அளவுங்கள்.

வரப்பிலே நின்று வழக்குப் பேசுதல் கூடாது. அங்கே வேலையாளும் வழிப்போக்கரும் கேட்க, தன்மானம் முன்னே வந்து நிற்கும். அவர் இல்லத்துக்குச் சென்று, 'ஐயா, நம் இருவர் கல்லும் எங்கே இருக்கின்றன என்று சேர்ந்து பார்த்துவிடுவோம்' என்று கூறுங்கள். 'நீர் கவர்ந்தீர்' என்ற சொல் வாயினின்று புறப்பட்டால், பின்பு எந்த அளவுகோலும் அதனை மீட்காது.

பின்னர் இருவர் பத்திரங்களையும், பட்டாவையும், புலப்படத்தையும் ஒருங்கு வைத்துப் பாருங்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்றிருக்கும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர். அஃதாவது ஏறக்குறைய 2.47 சென்ட். இக்கணக்கை அறியாமையாலேயே நிலம் குறைந்ததென மயங்குவோர் உளர். பரப்பளவும் நாற்பாங்கெல்லையும் முரணின், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே மேலாகக் கொள்ளும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐயம் தீராவிடின், கட்டணம் செலுத்தி அரசு நில அளவரை அழைக்கலாம். அக்கட்டணத்தை இருவரும் பகிர்ந்துகொள்வது நலம்; அப்பொழுது அவர் ஒருவர் சார்பில் வந்தவராகத் தோன்றார். கல் நட்டபின், கண்ட எல்லையை எழுதி இருவரும் ஒப்பமிடுக. மதிலை இடிக்க மனமில்லாமல் சிறு நிலத்தைக் கைமாற்றிக்கொள்ள இசைந்தால், பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்க. வாய்ச்சொல் நம் இருவரையும் கட்டும். நம் மக்களைக் கட்டாது.

நட்பை எண்ணி வாளாவிருத்தலும் தவறேயாம். பிறர் நம் நிலத்தைத் தமதென்று வெளிப்படையாக 12 ஆண்டு இடைவிடாது அனுபவித்து வரின், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி நம் உரிமையே அழியக்கூடும். மனத்துள் புழுங்கி வெளியே நகைத்தல் நட்பாகாது. இனிய முகத்தோடு காலத்திற் கேட்பதே நட்பு.

இவ்வளவும் பயன்படாவிடின், மக்கள் நீதிமன்றம் உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி அங்கே இருவர் இசைவால் முடிந்த தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பாகும். அதன்மேல் மேல்முறையீடு இல்லை. தோற்றவர் என ஒருவர் தலைகுனிய வேண்டுவதுமில்லை.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். எல்லை வழக்கு நம்மவர் இருவரிடையே எழுந்தால் சங்கம் சந்து செய்விக்கின்றது, நன்று. அயலார் வேறு சமூகத்தவராயின், 'நம்மவர்' என்ற சொல்லால் நாம் ஒரு பக்கம் சாய்தல் தகாது. அரை முழ வழக்கு ஊர் வழக்காவது அவ்வாறே. வள்ளுவர் நடுவு நிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தது பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதற்கு மட்டுமன்று. கல் எங்கே நிற்கின்றதோ அங்கே நாமும் நிற்போமாக.

நெருப்புப் பற்றிய இரவிலே முதலில் ஓடிவருபவன் தொலைவிலுள்ள உறவினன் அல்லன், மதிலுக்கு அப்பாலுள்ளவனே. அரை முழ மண்ணுக்கு அவனை விற்றுவிடாதிருப்போமாக.