குஞ்சு பொரிக்குங் காலமும் குழை வெட்டுங் காலமும்

(மருதனார்மடத்திற் கமக்காரர் முன்னிலையில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



பசளையைப் பற்றியோ விதையினத்தைப் பற்றியோ பேசுவேன் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் உங்கள் வேலிகளிலும் வடலிகளிலும் கூடுகட்டி வாழும் சிறு குருவிகளைப் பற்றியது. இதனைப் பொழுதுபோக்குப் பேச்சென்று எண்ணிவிடாதீர்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் நீங்கள் தெளிக்கும் பூச்சிநாசினியின் செலவோடு இது நேரே தொடர்புடையது.

விடியற்புறத்தில் வாலை நிமிர்த்திக்கொண்டு வேலிமேலிருந்து பாடும் குண்டுக்கரிச்சானை நீங்கள் அறிவீர்கள். பாடுவது ஆண். நமக்கு இனிமையாகத் தோன்றும் அப்பாட்டு, மற்ற ஆண்களுக்கு “இந்தக் காணி எனது, உள்ளே வராதே” என்னும் அறிவித்தல். பெட்டைக்கு அது அழைப்பு. எல்லைக்காக வழக்காடுவதில் அது நம்மவர்க்குச் சளைத்ததன்று. ஒரே கொப்பில் நாள்தோறும் அது பாடக் கேட்டால், அருகே மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ கூடு உண்டு, அல்லது விரைவில் உண்டாகும் எனக் கொள்ளலாம்.

கூட்டிற் குஞ்சு இருக்குங் காலமே கமக்காரனுக்குப் பெரிதும் பயன் தருங் காலம். இறகு முளைத்து உடல் வளர்வதற்குக் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். அதனால் தாய்ப்பறவை காலை தொடங்கி அந்திவரை புழுவும் வெட்டுக்கிளியும் பொறுக்கிக் கொணர்கின்றது. தானியம் உண்ணும் தூக்கணாங்குருவியும் ஊர்க்குருவியுங்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டுகின்றன. இதனை எண்ணாது, தானியத்தைத் தின்கின்றன என்று 1958ஆம் ஆண்டிற் சீன தேசத்தில் ஊர்க்குருவிகளை இயக்கமாக நின்று அழித்தார்கள். பயிரை உண்ணும் பூச்சிகள் பெருகவே, 1960ஆம் ஆண்டிற் குருவியைப் பகைவர் பட்டியலிலிருந்து நீக்கி, அதனிடத்தில் மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார்கள்.

இனி உங்கள் கத்தரித் தோட்டத்துக்கு வருவோம். இலை சுருண்டு ஓரங்கள் ஒட்டினாற்போல் இருப்பதைக் கண்டால், இலைசுருட்டிப் புழுவென்று உடனே பிடுங்கி எறியாதீர்கள். தையற்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களை அலகினாற் குத்தித் துளைத்து, பஞ்சையும் சிலந்தி நூலையும் அத்துளைகளிற் செலுத்தித் தைக்கின்றது. அந்தப் பையினுள்ளே மூன்று அல்லது நான்கு முட்டைகள் இருக்கும். ஏறக்குறைய 12 நாளிற் குஞ்சு பொரிக்கும்; மேலும் இரண்டு வாரத்திற் பறந்துவிடும். நான்கு வாரத்துக்கு அந்த ஒரு செடியையும் அதனைச் சூழ்ந்த செடிகளையும் மருந்து படாமல் விட்டுவைப்பதால் உங்களுக்கு நேரும் நட்டம் மிகச் சொற்பம். ஆயினும் ஒன்றைச் சொல்லிவிடல் வேண்டும். காயைத் துளைத்து உள்ளே புகுந்துவிட்ட புழுவை எந்தக் குருவியாலும் எடுக்க இயலாது. துளைபட்ட காயையும் வாடிய குருத்தையும் நீங்களே பறித்து அழித்தல் வேண்டும்.

புலுனிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி வேறெங்கும் இவ்வினம் இல்லை. கூட்டமாகவே திரியும்; சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். குஞ்சுகளைத் தாயும் தந்தையும் மட்டுமன்றிக் கூட்டத்திலுள்ள மற்றப் பறவைகளும் ஊட்டி வளர்க்கின்றன. இந்தக் கூட்டுறவை ஏமாற்றி, சுடலைக்குயில் தன் முட்டையையும் புலுனியின் கூட்டில் இட்டுவிடும். அதனையும் இவையே வளர்க்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் இவை மிகுதியாகக் கூடு கட்டுகின்றன.

அடர்ந்த வேலியே இவற்றுக்கும் கொண்டைக்குருவிக்கும் புகலிடம். கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் குழையை வயலுக்கும் தோட்டத்துக்கும் வெட்டுவது நம் முன்னோர் கண்ட நல்ல வழக்கம். அதனை விடும்படி நான் கூறவில்லை. ஆனால் நாற்புற வேலியையும் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். ஒரு பக்கத்தை வெட்டி, அது தளிர்த்தபின் மறுபக்கத்தை வெட்டுங்கள். வெட்டுமுன் கொப்புகளை விலக்கிப் பாருங்கள். கூடு இருப்பின் அந்தக் கவட்டை மட்டும் சில வாரம் விட்டுவைத்தாற் போதும். வேலியை நீக்கி மதில் எழுப்புவோருக்கு, மதிலோரமாகச் சில மரங்களையேனும் வைக்கும்படி சொல்வேன்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நஞ்சுண்டு துடிக்கும் புழு பறவைக்கு எளிதில் அகப்படும். அந்த நஞ்சு குஞ்சின் வாய்க்கே போகும். ஆர்ஜென்டீனா நாட்டில் 1995, 1996 ஆண்டுகளில் மொனோகுரோட்டோபசு தெளித்த வயல்களில் வெட்டுக்கிளி தின்ற பருந்துகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. அம்மருந்து இலங்கையில் 1995ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998ஆம் ஆண்டிலும் தடைசெய்யப்பட்டன. இன்று கடையிற் கிடைப்பவற்றையும் முதலிற் கையில் எடுக்க வேண்டியதில்லை. புழுவைக் கண்டபின், தாக்கிய பாத்தியில் மட்டும், இயன்றவரை வேப்பங்கொட்டைச் சாற்றையே தெளியுங்கள். மருந்தடித்தபின் புழு சில கிழமைகளில் மீண்டும் பெருகும். குருவியோ அவ்வளவு விரைவிற் பெருகாது.

நெல் வயலில் ஆங்காங்கே கவர்த்தடிகளை நட்டுவிடுங்கள். இரட்டைவாற் குருவி அவற்றில் அமர்ந்து, பறக்கும் அந்துப்பூச்சிகளைப் பிடிக்கும். கூட்டுக்கு அருகே வருங் காகத்தை அது துரத்தியடிப்பதால், மற்றச் சிறு குருவிகளும் அதே மரத்திற் கூடுகட்ட விரும்புகின்றன. கதிர் பால்பிடிக்கத் தொடங்கியதும் தடிகளைப் பிடுங்கிவிடுதல் அவசியம். இல்லையேல் தானியமுண்ணுங் குருவிகளுக்கு அவையே ஆசனமாகும். அந்நாட்களிற் காவல் வையுங்கள், நாடா கட்டுங்கள், தகரந் தட்டுங்கள். பனையிலே தொங்குங் கூடுகளைத் தட்டி விழுத்தாதீர்கள்.

காற்றில் விழுந்த, இறகு முளையாத குஞ்சைக் கண்டால் எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்பது தவறான எண்ணம். இறகு முளைத்துத் தத்தித் திரியுங் குஞ்சாயின் வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டாம். பூனைக்கு எட்டாத ஒரு கொப்பில் ஏற்றிவிடுங்கள், தாய் அங்கே வந்து இரை ஊட்டும்.